குறட்டையும் ஆண்மைச் சுரப்பும்

(மகாவீரர் ஜயந்தி விழாவையொட்டி உத்திரமேரூரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் வேண்டியது ஓர் இலக்கியப் பொழிவு. சிந்தாமணியைப் பற்றியோ சூளாமணியைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருந்தனர். 34 ஆண்டுகள் வகுப்பறையில் இலக்கியம் பேசியாயிற்று; இவ்வாண்டு உறக்கத்தைப் பற்றிப் பேச இசைவு கேட்டுப் பெற்றேன். உறங்கும்போது மூச்சு நின்று நின்று வரும் நோய் ஒன்று உண்டு. மருத்துவர் அதனை ஸ்லீப் ஆப்னியா என்பர். நாம் உறக்க மூச்சுத்தடை என்று வழங்குவோம். ஆடவர் உடலில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் ஒன்றும் உண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள உறவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

கோயில் விழா மேடையில் இது பேசத்தக்கதா என்று ஒரு பெரியவர் நேற்றே என்னைக் கேட்டார். பேசாமையால் வந்த இழப்பை நானறிந்த குடும்பங்களில் கண்டிருக்கிறேன், அதனால் துணிந்தேன். நான் மருத்துவன் அல்லேன். தமிழாசிரியன், ஏழு ஆண்டுகளாக இந்நோய்க்கு மூக்கில் கருவி பூண்டு உறங்குபவன். என் இல்லத்தரசி என் குறட்டையைக் கைப்பேசியில் பதிந்து மருத்துவரிடம் போட்டுக் காட்டியதால் என் நோய் வெளிப்பட்டது. அந்தத் தகுதியோடு, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைக் கூறுகிறேன்.

உறக்கத்தை நம் முன்னோர் மிகக் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். தத்துவார்த்த சூத்திரத்தின் எட்டாம் இயலில் தரிசனாவரணீய கருமத்தின் வகைகள் ஒன்பது எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஐந்து உறக்கத்தின் வகைகள்: நித்திரை, நித்திராநித்திரை, பிரசலை, பிரசலாபிரசலை, ஸ்த்யானகிருத்தி. அமர்ந்த நிலையிலேயே கண் சொருகுதல் பிரசலை. அது முற்றி வாய்நீர் வழிய, உறுப்புகள் அசையக் கிடத்தல் பிரசலாபிரசலை என்பது கோம்மடசார உரைமரபு. இவை உயிரின் காட்சியை மறைக்கும் வினையைப் பற்றிய பேச்சு. மருத்துவக் குறிப்பு என்று நான் திரித்துக் கூறமாட்டேன். ஆயினும் இரவில் படுத்துறங்கும் உறக்கத்தினின்றும் பகலில் உட்கார்ந்தபடி ஆளை வீழ்த்தும் உறக்கத்தைத் தனியே பிரித்துப் பெயரிட்ட நுட்பம் வியக்கத்தக்கது. இன்றைய உறக்க மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் முதற்கேள்விகளும் அத்தகையனவே: உட்கார்ந்து படிக்கும்போது உறங்கிவிடுகிறீரா? பேருந்தில் ஏறியதும் கண் மூடுகிறதா? யாரேனும் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்கிறதா?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. விமலசூரி பிராகிருதத்தில் இயற்றிய பௌமசரியத்தின் தொடக்கத்தில் சிரேணிக மன்னனுக்கு எழும் ஐயங்களுள் ஒன்று கும்பகருணனைப் பற்றியது. ஒருவன் ஆறு திங்கள் தொடர்ந்து உறங்கினான், யானைகள் மிதித்தும் எழவில்லை என்றால் அஃது எங்ஙனம் பொருந்தும் என்று மன்னன் ஐயுறுகிறான். நம் மரபு இராமாயணத்தில் கும்பகருணன் நகைப்புக்குரியவன் அல்லன். துறவு பூண்டு வீடு பெற்றவன். உறங்குபவனை எள்ளி நகையாடும் கதையை ஏற்காமல் ‘இதில் ஏதோ சரியில்லையே’ என்று கேட்ட அம்மன்னனின் மனப்போக்கு நமக்கும் வேண்டும். வீட்டில் ஒருவர் கூரை அதிரக் குறட்டை விட்டு எட்டு மணி நேரம் உறங்குகிறார். காலையில் அடித்துப் போட்டாற்போல் எழுகிறார். இத்தனை உறங்கியும் இவர் ஏன் ஓய்வு பெறவில்லை என்று நாம் கேட்பதில்லை. ‘கும்பகருணன்’ என்று பெயர் சூட்டிச் சிரித்துவிடுகிறோம்.

அவருக்கு என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். உறங்கும்போது உடலின் தசைகள் தளர்கின்றன. தொண்டையைச் சூழ்ந்த தசைகளும் நாக்கின் அடிப்பகுதியும் உடன் தளர்கின்றன. காற்று செல்லும் வழி குறுகியவர்க்கு அவ்வழி மேலும் நெருங்குகிறது. நெருங்கிய வழியில் காற்று உரசி எழுப்பும் ஒலியே குறட்டை. வழி முற்றும் அடைபட்டால் ஒலியும் நின்றுவிடுகிறது. நெஞ்சு மேலெழுந்து தாழ்கிறது. காற்று மட்டும் உட்செல்வதில்லை. 10 நொடி, 20 நொடி, சிலருக்கு அரை நிமிடத்துக்கும் மேல் இந்நிலை நீடிக்கும். குருதியில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை அஞ்சி உடலை உலுக்கி எழுப்புகிறது. பெருஞ்செருமலோடு மூச்சு மீள்கிறது. உறங்குபவர் முழுதும் விழிப்பதில்லை, காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிராது. ஒரு மணி நேரத்தில் இத்தகைய தடைகள் ஐந்துக்குக் குறைவாயின் அதனை நோயாகக் கொள்வதில்லை. 15ஐக் கடந்தால் நடுத்தரம். 30ஐத் தாண்டினால் கடுமை. 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ஏழு மணி நேர உறக்கத்தில் 210 முறை ஒருவரைத் தட்டி எழுப்பினால் அவர் காலையில் எப்படி இருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

குறட்டை விடுவோர் அனைவரும் நோயாளியர் அல்லர். குறட்டையின் நடுவே விழும் அமைதியும், அதன்பின் எழும் திணறலுமே ஐயத்துக்குரியன. இதனோடு வேறு சில அறிகுறிகளும் உண்டு. விடியலில் தலைவலி, வாய் உலர்தல், இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுதல், மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத குருதியழுத்தம், காரணமில்லாத எரிச்சல், மறதி. இரவில் பலமுறை எழுவதற்குச் சர்க்கரை நோயோ புராஸ்டேட் வீக்கமோதான் காரணம் என்று நாமே முடிவு கட்டுகிறோம். மூச்சுத் தடைப்படும்போது இதயத்தின் மேலறை விரிந்து, சிறுநீரைப் பெருக்கும் ஒரு சுரப்பை வெளியிடுகிறது. அதனாலும் எழுந்து போக நேரும்.

இது அரிய நோய் என்றும் கருத வேண்டா. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நாட்டில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்த இந்தியருள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர்க்கு இது உண்டு. தலைக்கணக்கில் 10 கோடிக்கு மேல். ஆடவரில் 13 விழுக்காடு, மகளிரில் 5. சென்னையில் நீரிழிவு ஆய்வாளர்கள் 358 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களுள் 40 விழுக்காட்டினர் குறட்டை விடுபவர் என்றது. மேலைநாட்டார் அளவுக்குப் பருமனில்லாத நம்மவர்க்கும் இது வருகிறது. கழுத்திலும் வயிற்றிலும் சேரும் கொழுப்பும், தாடை அமைப்பின் குறுக்கமும் காரணம் என்பர். இந்தித் திரையிசையமைப்பாளர் பாப்பி லாகிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் தம் 69ஆம் வயதில் மறைந்தபோது, மருத்துவமனை கூறிய காரணத்தில் இந்நோயின் பெயரும் இருந்தது. அன்றுதான் பல வீடுகளில் இச்சொல் முதன்முறையாகக் கேட்கப்பட்டிருக்கும்.

நம் ஊர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதத் தகுதி பெறுவோர்க்கு வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் என விதித்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மூச்சுத்தடை ஆடவரைத் தேடி வருவதும் பெரும்பாலும் அந்த வயதுக் காலத்தில்தான். வாரியம் கூடியபோது எத்தனை பேர் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தனரோ, கல்வெட்டு அதைச் சொல்லவில்லை.

இனி டெஸ்டோஸ்டிரோனுக்கு வருவோம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஒரு தூதுநீரை அனுப்ப, அதன் ஏவலால் விரைகளில் இது சுரக்கிறது. இதனை ஆசையோடு மட்டும் சேர்த்து எண்ணுவது தவறு. தசை, எலும்பின் உறுதி, குருதிச் சிவப்பணுக்களின் ஆக்கம், மனத்தின் ஊக்கம் அனைத்திலும் இதற்குப் பங்குண்டு. இது நாள் முழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை. நாம் உறங்கத் தொடங்கியதும் ஏறத் தொடங்குகிறது. முதற் கனவுறக்கம் வரும் வேளையில் உச்சத்தை நெருங்குகிறது. விழிக்கும் வரை உயர்ந்து நின்று, பகல் சாயச் சாய இறங்குகிறது. அது ஏறுவதற்குக் கடிகாரத்தின் இரவு போதாது, உறக்கம் வேண்டும். அதுவும் துண்டுபடாத உறக்கம் வேண்டும்.

2011இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் நலமான இளைஞர் 10 பேரை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டுமே உறங்கச் செய்தனர். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. முதுமையால் இயல்பாகக் குறைவது ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு என்று வைத்துப் பாருங்கள். உறக்க நேரம் குறைந்ததற்கே இப்படி என்றால், இருக்கும் உறக்கமும் இருநூறு துண்டாக, இடையிடையே ஆக்சிஜனும் இறங்கினால்? மூச்சுத்தடை உடைய ஆடவரிடம் பிட்யூட்டரியின் தூதுநீரும் டெஸ்டோஸ்டிரோனும் இரவில் குறைந்து காணப்படுவதை இசுரேல் நாட்டு ஆய்வாளர்கள் 2002இல் காட்டினர்.

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாமவன் ஒருவன் நிற்கிறான். அவன் பெயர் தொப்பை. உடற்கொழுப்பு கழுத்தை நெருக்கி மூச்சை அடைக்கிறது. அதே கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனைப் பெண்மைச் சுரப்பாக மாற்றியும் குறைக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை தேய்ந்து கொழுப்பு கூடுகிறது. உறக்கம் கெட்டால் பசி மிகுந்து எடை ஏறுகிறது. கயிற்றில் தலைப்பு எது, வால் எது என்று தெரியாதவாறு பின்னிக் கிடக்கிறது. ஆகவே, ‘மூச்சுத்தடையால்தான் ஆண்மைச் சுரப்பு குறைந்தது’ என்று ஒரே வரியில் சொல்வோரையும் நம்ப வேண்டா. ‘இரண்டுக்கும் தொடர்பே இல்லை’ என்போரையும் நம்ப வேண்டா.

இந்தப் பின்னலின் ஒரே ஒரு நுனியை மட்டும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் பழைய மாணவர் ஒருவரின் கதை சான்று. ஊரையும் பெயரையும் சொல்லமாட்டேன். சொல்லிக்கொள்ள அவரே இசைவு தந்தார். வயது 41. விதையும் உரமும் விற்கும் கடை. ஒரு மகள், இரண்டாம் குழந்தை வேண்டுமென்று ஆசை. சில ஆண்டுகளாக அவருக்கு ஊக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை. கல்லாவில் அமர்ந்தால் கண் சொருகும். கைப்பேசி விளம்பரம் ஒன்றைக் கண்டு நகரத்து மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றார். கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்தேறிப் பிற்பகல் நான்கு மணிக்குச் சேர்ந்தவரிடம் அப்போதே குருதி எடுத்தனர். அளவு குறைவு என்றனர். ஊசி தொடங்கினர். ‘எப்படி உறங்குகிறீர்?’ என்று யாரும் கேட்கவில்லை.

முதல் சில திங்கள் உடலில் முறுக்கேறியது போலிருந்ததாம். ஆனால் குழந்தைக்காக எடுத்த சோதனையில் விந்தணு ஏறத்தாழ இல்லை என்று வந்தது. டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து செலுத்தினால் ‘இங்கே போதுமான அளவு இருக்கிறது’ என்று மூளை ஏமாந்து தூதுநீரை நிறுத்திவிடுகிறது. அதனால் விந்தணு ஆக்கமும் நின்றுபோகிறது. குழந்தை வேண்டுவோர்க்கு இந்த ஊசி ஆகாது என்பது மருத்துவத்தில் முதற்பாடம். இரண்டாவதாகச் சென்ற மருத்துவர் அவரை விடுத்து மனைவியிடம் கேட்டார்: ‘இவர் இரவில் எப்படி உறங்குகிறார், அம்மா?’ அந்த அம்மையார் ஏழு ஆண்டுகளாகக் கேட்டதையெல்லாம் கூறினார். மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைத் தட்டுவாராம். சில திங்களாகத் தட்டுவது மிகுந்துவிட்டதாம். உறக்க ஆய்வு செய்தபோது மணிக்கு 46 தடைகள்.

இந்த வீட்டில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். குறட்டையையும் திணறலையும் மனைவி அறிவார். அது நோய் என்று அறியார். சோர்வையும் நாட்டமின்மையையும் கணவர் அறிவார்; வெட்கத்தால் மனைவியிடமும் சொல்லார். ஊசி போட்டதையும் சொல்லவில்லை. நோயின் பாதி ஒருவரிடம், மறுபாதி இன்னொருவரிடம். இரண்டும் ஒரே கட்டிலில் படுத்திருந்தும் ஏழு ஆண்டுகள் சந்திக்கவில்லை. மேடையில் பேசத்தக்கதா என்று கேட்ட பெரியவர்க்கு என் விடை இதுவே.

மூச்சுத்தடை உள்ளவர்க்கு அந்த ஊசி வேறொரு வகையிலும் தீங்கு செய்யலாம். மூச்சுத்தடையைத் தொடக்கத்தில் அது மேலும் கடுமையாக்கக்கூடும் என்று சோதனைகளில் கண்டிருக்கின்றனர். சிவப்பணுக்களைப் பெருக்கிக் குருதியைத் தடிப்பாக்கும். இரவில் ஆக்சிஜன் குறைபவர்க்கு ஏற்கெனவே குருதி தடிக்கும் போக்கு உண்டு. கடுமையான மூச்சுத்தடையைச் சரிசெய்யாதவர்க்கு டெஸ்டோஸ்டிரோன் மருத்துவத்தைத் தொடங்க வேண்டா என்று அமெரிக்க இயக்குநீர் மருத்துவர் கழகத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. உண்மையாகவே விரையோ பிட்யூட்டரியோ பழுதுபட்டவர்க்கு அம்மருந்து வாழ்வளிப்பது. அவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் அத்தகையோர் விளம்பரங்கள் சொல்லுமளவு பலர் அல்லர். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள ஆடவரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதுமையோடு வரும் உண்மையான குறைபாடு 2.1 விழுக்காட்டினர்க்கே இருந்தது.

சோதனை செய்வதாயின் முறையாகச் செய்க. காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், ஒருமுறை குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுமுறையும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் அளவைப் பலர் கீழெல்லையாகக் கொள்வர். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். காய்ச்சலோடும், இரவுப் பயணம் செய்து உறங்காத மறுநாளும் போகற்க. காஞ்சிக்கோ செங்கற்பட்டுக்கோ முதற்பேருந்தைப் பிடிப்பது நமக்குத் தொல்லைதான். பிற்பகலில் எடுத்த தவறான எண்ணை நம்பி ஆண்டுக்கணக்கில் ஊசி போடுவது அதனினும் பெருந்தொல்லை.

நம் இளைஞர்க்காக ஒரு சொல். காய்கறி உண்பவனுக்கு ஆண்மைச் சுரப்பு குறையும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் கூறுகின்றனராம். என் பேரன் முறையாகும் பையன் ஒருவனே என்னிடம் வந்து கேட்டான். புலால் உண்போர்க்கும் உண்ணாதார்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. அவனிடம் அதைச் சொல்லிவிட்டு, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று கேட்டேன். இரண்டு மணி என்றான். வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் என்பாரின் குழுவினர் இப்பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது 100 கிலோ அளவுக்குக் காளைகளின் விரைகளை அரைத்து. கிடைத்ததோ சில மில்லிகிராம். அவ்வாண்டிலேயே புட்டனான்ட்டும் ருசிக்காவும் அதனை வேதிமுறையில் ஆக்கிக் காட்டினர். 1939இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று சோயா போன்ற தாவரங்களின் கொழுப்புப்பொருளிலிருந்தும் செய்கின்றனர். உண்மையான தேவையோடு மருத்துவர் எழுதித் தந்தால், கொல்லாமை கருதி அஞ்சுவோர் அந்த அச்சத்தை விடலாம்.

மூச்சுத்தடைக்கு மருத்துவம் என்ன? சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் ஐந்து நோயாளிகளுக்கு மூக்கு வழியே மெல்லிய அழுத்தத்தோடு காற்றைச் செலுத்திப் பார்த்தார். காற்றே தூணாக நின்று தொண்டையைத் திறந்து வைத்தது. இன்று சீபேப் என்று வழங்கும் கருவி அதுதான். விலை சில பத்தாயிரங்கள் ஆகும். மூக்கில் கவசம் பூட்டிப் படுப்பது முதல் வாரம் துன்பமாயிருக்கும். என் பெயர்த்தி என்னை யானை என்று அழைத்தாள். இப்போது அவளே வாரந்தோறும் அதைக் கழுவித் தருகிறாள்.

இக்கருவியைப் பூண்டால் டெஸ்டோஸ்டிரோன் ஏறிவிடுமா? பலர் ஆவலோடு கேட்பது இது. சோதனைகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், கருவியால் மட்டும் அந்த எண் தெளிவாக ஏறுவதாகத் தெரியவில்லை. ஆனால் பகலுறக்கம் நீங்குகிறது, குருதியழுத்தம் சற்று இறங்குகிறது, மனம் தெளிகிறது. இல்லற நாட்டமும் பலருக்கு மீள்கிறது. எண்ணுக்காக வாழ்கிறோமா, நலத்துக்காக வாழ்கிறோமா என்று நான் அவர்களைக் கேட்பேன். எண்ணையும் ஏற்றுவது எடைக்குறைப்பு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்று 2000இல் கூறியது: எடை 10 விழுக்காடு கூடினால் மூச்சுத்தடை 32 விழுக்காடு கூடும், 10 விழுக்காடு குறைந்தால் 26 விழுக்காடு குறையும். என் மாணவர் ஊசியை மருத்துவர் சொற்படி நிறுத்தி, கருவி பூண்டு, ஓராண்டில் 11 கிலோ குறைந்தார். காலைச் சோதனையில் டெஸ்டோஸ்டிரோன் இப்போது இயல்பின் கீழெல்லைக்கு மேலே நிற்கிறது. விந்தணுவும் மீண்டிருக்கிறது. இரண்டாம் குழந்தை இன்னும் இல்லை.

பொழுது சாயுமுன் உண்ணும் நம் வழக்கம் இந்நோயைத் தடுக்கும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது எனக்கு எளிது. அதற்குச் சான்று இல்லை. வயிறு நிறைய உண்டு உடனே படுக்கும் கேடு நம்மிடம் குறைவு, அவ்வளவே. பகலில் உண்ட நெய்ப்பொங்கலும் கழுத்தில்தான் சேர்கிறது. மது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி மூச்சுத்தடையை மிகுவிக்கும். நம் குடும்பங்களில் அப்பேச்சுக்கே இடமில்லை என்று கூறிக் கடந்துவிடலாம்தான். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இங்கே சிலர் தலை குனிவது மேடையிலிருந்து தெரிகிறது.

மகளிர் இதனை ஆடவர் நோய் என்று விட்டுவிடற்க. மாதவிடாய் நின்றபின் பெண்களிடம் இந்நோய் மிகுகிறது. பெண்ணுடலிலும் சிறிதளவு டெஸ்டோஸ்டிரோன் உண்டு. சினைப்பையில் நீர்க்கட்டி என்று கூறப்படும் பி.சி.ஓ.எஸ். உடைய இளம்பெண்களிடம் அது இயல்பைவிட மிகுந்திருக்கும். அவர்களிடம் மூச்சுத்தடையும் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆடவரிடம் குறைவோடு சேர்ந்து வருவது மகளிரிடம் மிகுதியோடு சேர்ந்து வருகிறது. இவ்வொன்றே, ‘சுரப்பைக் கூட்டினால் சரியாகும்’ என்னும் எளிய கணக்கு பொய் என்று காட்டப் போதும். பெண் குறட்டை விடுகிறாள் என்று வெளியே சொன்னால் வரன் அமையாது என்று மூடி மறைக்கும் தாய்மார்களை நான் அறிவேன். அப்பெண்ணை மருத்துவரிடம் காட்டுக.

வீட்டிலேயே செய்யத்தக்கன சில. தையற்காரர் அளவுநாடாவால் கழுத்தை அளந்து பாருங்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கருத்தில் கொள்க. உரத்த குறட்டை, பகற்சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் கண்டமை, குருதியழுத்தம், மிகைப்பருமன், 50ஐக் கடந்த வயது, பருத்த கழுத்து, ஆணாகப் பிறந்தமை என எட்டு. இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ பொருந்தினால் உறக்க ஆய்வு தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். இப்போது பலருக்குக் கருவியை வீட்டுக்கே கொடுத்தனுப்பியும் ஆய்வு செய்கின்றனர். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை தர வீட்டுக்கே வருகிறார்களே, அவர்களிடமும் குறட்டையைச் சொல்லுங்கள். மூன்று வகை மாத்திரைக்கும் அழுத்தம் அடங்கவில்லை என்றால் கட்டாயம் சொல்லுங்கள். இருசக்கர வண்டியோ டிராக்டரோ ஓட்டுபவர் பகலில் கண் சொருகுபவராயின் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டா.

(உரைக்குப்பின் ஓர் அம்மையார் கேட்ட வினாவையும் சேர்க்குமாறு மலர்க்குழுவினர் விரும்பினர். ‘எங்கள் ஊரில் இரவில் மின்சாரம் போகிறதே, முகத்தில் கவசம் இருக்கும்போது கருவி நின்றால் மூச்சு முட்டாதா?’ என்றார். முட்டாது. கவசத்தில் மூச்சு வெளியேறும் துளைகள் உண்டு; வாயும் திறந்திருக்கும்; எனக்கு இருமுறை நேர்ந்து விழித்துக்கொண்டேன். வீட்டு இன்வெர்ட்டரில் கருவி ஓடும். ஈரமூட்டும் பகுதியின் சூட்டை நிறுத்திவிட்டால் மின்கலம் நெடுநேரம் தாங்கும். அதுவும் இல்லாத இரவில் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள் என்றேன். ‘அதைத்தான் இருபது ஆண்டாகச் சொல்லிவருகிறேன்’ என்று அவர் தம் கணவரைப் பார்த்தார்.)